மழைக்குக் காவல் இருந்தவர்

எங்கள் தாத்தாவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் இருந்தது. அது மழை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அத்தனை வருடம் நனைந்து நனைந்து வேலை பார்த்தவருக்கு அப்போதெல்லாம் அதன்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. பகை பிற்பாடுதான் வந்தது. அதற்குக் காரணம் நாங்கள்.

நாங்கள் என்றால் அம்மா, நான், என் இரண்டு தம்பிகள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் குண்டக்கல்லில் குடியிருந்தோம். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கருங்கல்லும் வெயிலும்தான். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ராயபுரத்துக்கு, கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த தாத்தா வீட்டுக்கு வந்தோம். வந்த நாளிலிருந்து கிளம்பிய நாள்வரை விடாத மழை. ஒற்றை அறை, ஒழுகும் கூரை, தெருவில் முழங்கால் தண்ணீர். சின்னத் தம்பிக்குக் காய்ச்சல் வேறு கண்டுவிட்டது. கிளம்பும்போது அம்மா அலுப்பில் ஒரு வார்த்தை சொன்னாள். “இனிமே மழைக்காலத்துல இந்தப் பக்கமே வரமாட்டேன் நைனா.” மகள்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறியதும் மறந்துவிடுகிற வார்த்தைதான் அது. தாத்தா மறக்கவில்லை. அதற்குப் பிறகு சில வருடங்கள் நாங்கள் வரமுடியாமல் போனது. ஒரு தடவை அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, ஒரு தடவை பெரிய தம்பிக்கு அம்மை போட்டிருந்தது. தாத்தாவைப் பொறுத்தவரை எல்லாப் பழியும் மழைக்குத்தான்.

எனக்கு ஒன்பது வயதானபோது அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எண்ணூர்க் கடற்கரையில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று பூட்டிக் கிடந்தது. அதன் காவல்காரர் தாத்தாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் சொல்லி முன்பக்கத்து அறைகளை ஒரு வாரத்துக்குப் பிடித்துவிட்டார். நல்ல ஓட்டுக் கூரை, ஒரு சொட்டு ஒழுகாது. வாசலை விட்டு இறங்கினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். பெரிய மனிதர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போல நாங்களும் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போகிறோம் என்று குண்டக்கல் ரயில்வே காலனி முழுக்க நான் தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

தாத்தா தரப்பிலும் ஏற்பாடுகள் பலமாக இருந்தன. எங்கள் பக்கத்து வேதக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தரும் ஓலையைக் கொண்டுவந்து சிலுவைக்குப் பின்னால் செருகி வைப்போம். இடியும் மழையும் மிஞ்சிப் போனால் அதில் ஒன்றைக் கொளுத்திப் புகை காட்டி ஜெபம் சொல்வோம், அடங்கும் என்று நம்பிக்கை. மந்திரித்த ஓலையைக் கீழே போடக்கூடாது, மிதிக்கக்கூடாது, குப்பையில் எறிந்தால் பாவம். ஒரு வீட்டுக்கு ஒன்றிரண்டு ஓலை இருக்கும், அதுவே ஒரு வருடத்துக்குத் தாங்கும். தாத்தாவோ தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி, விளக்குமாறு கட்டுகிற அளவுக்குச் சேர்த்துவிட்டார். கூரை வேயப் போகிறாயா என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாளாம். அவர் சிரிக்கவில்லையாம். “பசங்க வராங்கோ” என்று மட்டும் சொன்னாராம்.

பங்களாவில் எங்களுக்காகப் புதிதாக வாங்கிய பீங்கான் தட்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. சின்னச் சின்னத் தலையணைகள் கூடத் தைத்து வைத்திருந்தார். அவருடைய பழைய அலுமினியத் தட்டு ஓரமாகத் தனியாகச் சாய்ந்து நின்றது. ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டாள். வருடம் முழுக்க அந்த ஒரு தட்டுத்தான் கழுவப்பட்டுக் கவிழ்க்கப்பட்டிருக்கும் என்பதெல்லாம் அப்போது யாருக்கு உறைத்தது? எனக்குப் பூப்போட்ட தட்டு வேண்டும் என்று பெரிய தம்பியோடு மல்லுக்கு நின்றதுதான் நினைவிருக்கிறது.

ராயபுரத்தில் இருந்தால் அவர் காலையில் எழுந்ததும் துறைமுகப் பக்கம் நடந்து போய்க் கம்பத்தைப் பார்ப்பார். புயல் வருவதாக இருந்தால் அந்தக் கம்பத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். எண்ணூரிலிருந்து அந்தக் கம்பம் தெரியாது. அதற்காக விட்டுவிடுகிற ஆளா அவர்? விடிந்ததும் சவுக்குத் தோப்பைத் தாண்டி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விடுவார். பட்டணத்திலிருந்து வரும் முதல் பஸ்ஸின் கண்டக்டரிடம், கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று விசாரிப்பார். ஒருநாள் நானும் கூடப் போனேன். அதற்குள் கண்டக்டருக்குப் பழகிவிட்டிருந்தது. பஸ் நிற்பதற்கு முன்பே படியில் தொங்கியபடி அவர் கத்தினார். “ஏத்தல பெருசு. போயி பசங்களோட வெள்யாடு.”

விளையாடத்தான் அவருக்கு நேரமில்லை. நாங்கள் அலையில் கும்மாளம் போடும்போது அவர் கரையில் குடையை ஊன்றிக்கொண்டு வடகிழக்கு மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கையளவு கறுப்பு அங்கே தெரிந்தால் போதும், எழுந்து பங்களாவுக்குப் போய் ஓர் ஓலையைக் கொளுத்திவிட்டு வருவார். “வா தாத்தா, அலையில நிக்கலாம்” என்று நாங்கள் கையைப் பிடித்து இழுப்போம். “தோ, அந்த மேகம் போவட்டும்” என்பார். அந்த மேகம் போனால் இன்னொன்று வந்துவிடும். ஒரு வாரம் முழுக்க எங்களோடு இருந்தவர், எங்களைப் பார்த்ததைவிட மேகத்தைப் பார்த்ததுதான் அதிகம். இப்போது என் பேரப்பிள்ளைகள் வருகிற சமயங்களில் நான் கைபேசியில் வானிலையை எடுத்து எடுத்துப் பார்ப்பதைக் கண்டு என் மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். இது எங்கள் வம்சத்து வியாதி.

வாரத்தின் நடுவில் ஒருநாள் அவர் காவலையும் மீறி மழை வந்தது. தாத்தா ஒன்றன்பின் ஒன்றாக ஓலையைக் கொளுத்தியபடி வராந்தாவில் நின்றார். முகம் செத்துப் போயிருந்தது. நாங்களோ குண்டக்கல்லில் காய்ந்த பிள்ளைகள். காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி பின்வாசல் வழியாக ஓடிப்போய் மணலில் புரண்டு புரண்டு நனைந்தோம். அவர் துண்டோடு ஓடிவந்து ஒவ்வொருவராகப் பிடித்துத் தலை துவட்டினார். மழை நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. தன் மனம் நோகக்கூடாது என்பதற்காகப் பெரிய மனுஷி மாதிரிப் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டார். “ஒரு நாள்தாம்மா, நாளிக்கு நல்லா வெயில் அடிக்கும்” என்று அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். மழையை அவரே தன் கையால் பெய்யவைத்துவிட்ட மாதிரி இருந்தது அவர் சொன்ன விதம்.

கிளம்ப வேண்டிய நாள் வந்தது. இரவு சென்ட்ரலில் வண்டி. கடைசியாக ஒருமுறை கடலைப் பார்த்துவிடலாம் என்று நான் எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிட்டேன். தாத்தா வராந்தாவில் நின்றிருந்தார். அன்று அவர் முதல் பஸ்ஸைப் பார்க்கப் போகவில்லை. வடகிழக்கில் வானம் அடுப்புக்கரி மாதிரி இருண்டு கிடந்தது. கட்டாகச் சேர்த்த ஓலையெல்லாம் எரிந்து தீர்ந்து, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருந்த சிலுவைக்குப் பின்னால் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதை உருவி எடுத்தார். உதட்டில் வைத்து முத்தி செய்து கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொளுத்தவில்லை. வாசலுக்கு வெளியே இருந்த கட்டைச் சுவரின் மேல் அதை வைத்து, காற்றில் பறந்து கீழே விழாமல் இருக்க ஒரு கல்லையும் வைத்தார். மழைக்கு நன்றாகத் தெரியும்படி காவலுக்கு வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் தாத்தாவின் யோசனை எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

நாங்கள் பல் துலக்கி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறலில்லை, ஊற்றித் தள்ளியது. டிரங்குப் பெட்டியையும் எங்கள் மூவரையும் இழுத்துக்கொண்டு, தோப்பைக் கடந்து பஸ் வரைக்கும் போவது நடக்கிற காரியமாக இல்லை. அம்மா பெட்டியைக் கட்டுவதும் வாசலுக்கு வந்து பார்ப்பதுமாக இருந்தாள். தாத்தா மட்டும் அன்றுதான் சந்தோஷமாக இருந்தார். சின்னத் தம்பியை முதுகில் ஏற்றிக்கொண்டு அறை முழுக்க யானை மாதிரி நடந்தார். கிரேனில் தொங்கிய பெட்டி உடைந்து கடலில் விழுந்து, மீன்களெல்லாம் பிஸ்கட் தின்ற கதையைச் சொன்னார். அந்த ஒரு வாரத்தில் அவர் வானத்தைப் பார்க்காமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் காலையில்தான். கிளம்புகிற நாளிலாவது இவருக்கு விளையாட வந்ததே என்று எனக்கு இருந்தது.

மத்தியானம் திரும்பியும் மழை விடவில்லை. அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓலையைக் கொளுத்தச் சொன்னாள்.

“அல்லாம் தீந்து பூட்ச்சிம்மா” என்றார் தாத்தா. தரையைப் பார்த்தபடி சொன்னார். “இந்த வண்டி பூட்டா இன்னா? ரெண்டு நாள் கயிச்சி போவலாமே.”

“அங்க அவரு ஓட்டல்ல துன்னுகினு கீறாரு நைனா. வவுறு ஒத்துக்காது அவருக்கு.”

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வயதானவர், மறந்துவிட்டார் பாவம் என்று நினைத்து, நானே எடுத்துக் கொடுத்தேன். “காலைல செவுத்து மேல ஒண்ணு வச்சியே தாத்தா.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. “அது நனஞ்சி பூட்ச்சி பாப்பா. பத்திக்காது” என்றார்.

பத்திக்காது என்றால் விட்டுவிடுவேனா? வகுப்பில் முதலாவதாக வருகிறவள் நான். மழையில் ஓடிப்போய் ஓலையை எடுத்துவந்தேன். அம்மா காப்பிக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்திருந்தாள். அதன்மேல் உயரத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். முதலில் ஆவி வந்தது, பிறகு பனைவெல்லம் காய்ச்சுவது போல ஒரு வாசனை. மொறுமொறுவென்று ஆனதும் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதற்குள் அம்மா எங்களை முழங்காலில் நிறுத்திவிட்டாள். பேரப்பிள்ளைகள் கைகூப்பி முழந்தாளிட்டிருக்க, மந்திரித்த ஓலை கையில் இருக்க, அவர் என்னதான் செய்வார்? முதல் தீக்குச்சி அணைந்தது. அடுத்ததும் அணைந்தது. அதற்கடுத்தது பற்றிக்கொண்டது. ஜெபத்தை அம்மாதான் சொன்னாள். தாத்தாவின் வாய் அசையவில்லை. எரிந்து முடிந்ததும் சாம்பலைத் தொட்டு எங்கள் நெற்றியில் ஒவ்வொருவராகச் சிலுவை போட்டார். எனக்குக் கோணலாக விழுந்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், மழை சற்றைக்கெல்லாம் இளைத்து நின்றுவிட்டது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, இவள் மட்டும் இல்லையென்றால் வண்டி போயிருக்கும் என்றாள். நான் பெருமையில் மிதந்தேன். “கெட்டிக்காரி” என்று தாத்தாவும் என் தலையைத் தடவினார். பிறகு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

சென்ட்ரலில் எங்களை ஏற்றி உட்காரவைத்துவிட்டு, பிளாட்பாரத்தில் போய்க்கொண்டிருந்த டிக்கெட் பரிசோதகரை நிறுத்திக் கேட்டார், வழியில் எங்காவது மழையா, தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று. அதெல்லாம் காய்ந்து கிடக்கிறது, வண்டி நேரத்துக்குப் போகும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். தாத்தா திரும்பி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகம், நடுவாரத்து மழையன்று இருந்த மாதிரியே இருந்தது. எங்களை நினைத்துத்தான் இன்னமும் பயப்படுகிறார் என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

அடுத்த டிசம்பரில் நாங்கள் வரவில்லை. அப்பாவுக்கு இன்னும் தூரத்தில் மாற்றலாகிவிட்டது. அதற்கடுத்த மழைக்காலம் வருவதற்குள் தாத்தா போய்விட்டார். அந்த ஜன்னல் வழியாக நான் சொன்னதுதான் கடைசியாக அவரிடம் நான் பேசியது. அவ்வளவு பெரிய மனிதருக்கு ஆறுதல் சொல்கிறோம் என்கிற நினைப்பில், கம்பியின்மேல் இருந்த அவர் விரல்களைத் தட்டிக்கொடுத்துச் சொன்னேன்.

“பயப்படாத தாத்தா. இனிமே மழை வராது.”

“வராது பாப்பா” என்றார் அவர். “வராது.”