மாப்பிள்ளைக்கு ஜெபம் வராத நாட்கள்

என் மாப்பிள்ளையைப் பற்றி எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். அடக்க ஆராதனையில் ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து, அவர் ஜெப வீரர், கடைசி மூச்சு வரைக்கும் கலங்காதவர் என்றார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததை, அவர் உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இப்போது அவர் இல்லை. அதனால் சொல்கிறேன்.

மாப்பிள்ளை முதலில் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டைத் திறந்து ஆட்களை வெளியே எடுக்கிற வேலை. என் மகளைப் பெண் கேட்டு வந்த அன்றும் நகக்கண்ணெல்லாம் கிரீஸ். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. நான் பிடித்த பிடியை விடுகிறவள் இல்லை, கல்யாணம் நடந்தது.

அவர் சபை ஊழியத்துக்கு வந்த கதை என் வீட்டுக்காரர் இறந்த நாளில்தான் ஆரம்பித்தது. நாங்கள் அப்போது மூன்றாவது மாடியில் இருந்தோம். சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பிரசங்கம் பண்ணினால் கல்லும் கரையும். ஆனால் பிணத்தைப் பார்த்ததும் வேதப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து, "அம்மா, அடுத்து என்ன செய்யணும்?" என்று காதோடு கேட்டார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

மாப்பிள்ளைதான் கண்ணை மூடிவிட்டார், வாயைக் கட்டினார், டாக்டருக்கு ஆள் அனுப்பினார். படிக்கட்டுத் திருப்பத்தில் பெட்டியை எந்தப் பக்கம் சாய்த்தால் இறங்கும் என்று கையால் அளந்து பார்த்தார். எல்லாம் முடிந்து திரும்பும்போது சொன்னார், "அந்தப் பையன் மேல தப்பு இல்ல அத்தை. வசனம் சொல்லிக் கொடுத்தவங்க இதைச் சொல்லிக் கொடுக்கல."

அந்த எண்ணம் அவரை விடவில்லை. சில வருஷத்தில் வேலையை விட்டார், முறையாகப் படித்துப் போதகரானார். அப்புறம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த நீளமான ஹாலை வாடகைக்கு எடுத்து, சபைகளை நடத்தப் போகிறவர்களுக்குப் பயிற்சி வீடு தொடங்கினார். கீழே டயரில் காற்று பிடிக்கிற சத்தம், மேலே பாட்டு. ரப்பர் வாசனைக்கு நடுவில்தான் ஜெபம்.

காலையில் வேதம், தியானம், பிரசங்கப் பயிற்சி. மத்தியானம் சட்டைக் கையைச் சுருட்டிவிட வேண்டும். குழாய்க்கு வாஷர் மாற்றுவது, நாற்பது பேருக்குச் சமைப்பது, சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் யார் பக்கமும் சாயாமல் உட்காருவது, கதவுப் பலகையில் மணல் மூட்டையைக் கட்டிச் சவப்பெட்டி மாதிரி மாடிப்படியில் இறக்குவது, எல்லாம் உண்டு. ஞானஸ்நானம் கொடுக்கப் பழக ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு தடவை ஒல்லியான பையன் ஒருத்தன் தடியான ஒருத்தனைத் தண்ணீரில் முக்கப்போய் இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். டயர் கடைக்காரர்தான் மேலே ஓடிவந்து தூக்கினார்.

சபைப் பெரியவர் ஒருத்தர் ஒருநாள் பார்க்க வந்தார். "ஐயா, நீங்க போதகர்களை உருவாக்குறீங்களா, பிளம்பர்களையா?" என்று குத்தலாகக் கேட்டார்.

"தலைமேல தண்ணி சொட்டுற வீட்டுல நீங்க பிரசங்கம் கேட்பீங்களா?" என்றார் மாப்பிள்ளை. பெரியவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

எல்லாவற்றிலும் அவர் உயிரைக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தது நோயாளியைப் பார்க்கப் போகிற பாடத்தை. அதற்கு நோயாளி நான்தான். மகள் வீட்டோடு நான் வந்த பிறகு, பெஞ்சில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பது என் வேலையானது. ஒவ்வொருத்தராக வந்து என்னைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று கவனிப்பார்கள். படுத்துப் படுத்தே பாடம் முழுக்க எனக்கு மனப்பாடம். கட்டில்மேல் உட்காராதே. நாற்காலியை நோயாளியின் கண்மட்டத்துக்குப் போடு. வேறு யாருக்கோ வந்த வியாதிக் கதையைச் சொல்லாதே. அவருடைய விசுவாசத்தைத் தோண்டிப் பார்க்காதே. சின்ன வசனம், சின்ன ஜெபம். அவராகப் பேச வாயெடுத்தால் இரு. இல்லையென்றால் அவர் களைப்பதற்கு முன்னால் எழுந்துவிடு.

அந்தப் பாடத்தில் தேறாதவன் ஒருத்தன் இருந்தான். முன்னே லாரி ஓட்டினவன். வாய் ஓயாது, ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பாட்டி, என்ன பண்ணுது உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"நீ வந்ததுலேருந்து தலைவலி."

"எங்க சித்தப்பாவுக்கும் தலைவலின்னுதான் ஆரம்பிச்சுது."

"அப்புறம்?"

"போயிட்டாரு."

ஹாலே உருண்டு சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் அந்த வருஷம் அவனை ஊழியத்துக்கு அனுப்பவில்லை. இன்னொரு வருஷம் ஆஸ்பத்திரியில் படுக்கை படுக்கையாக அவனைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். அதற்குப் பிறகுதான் ஒரு சின்ன சபைக்கு அனுப்பிவைத்தார்.

இப்படி இருந்த மனிதருக்கு வயிற்றில் கட்டி. திறந்து பார்த்த டாக்டர் அப்படியே மூடிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். என் மகள் நர்ஸ். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஷிஃப்டுக்குப் போய்வந்துகொண்டே அவரையும் பார்த்தாள். பகலில் நான்.

ஒருநாள் காலையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கரண்டியைத் தள்ளிவிட்டு மேற்கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அத்தை, எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது."

"உடம்பு வலியில வராதுதான். வலி குறைஞ்சா வரும்."

"வலி இல்லாதப்பவும் வரல. கண்ணை மூடினா பயம்தான் வருது. அந்தப் பக்கம் யாரும் இல்லாத மாதிரி இருக்கு."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "பசங்க யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லுங்களேன். உங்ககிட்ட படிச்சவங்கதானே."

"அதனாலதான் சொல்லக்கூடாது. என்னைப் பார்த்துத்தான் நடக்கப் பழகினாங்க. ஆசிரியரே விழுந்துட்டார்னு தெரிஞ்சா அவங்க காலும் தள்ளாடும். உங்க பொண்ணுகிட்டயும் சொல்லாதீங்க. ஏற்கெனவே தாங்க முடியாததைத் தாங்கிக்கிட்டிருக்கா. நான் இருக்கிறவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம். சத்தியம் பண்ணுங்க."

"எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

"சத்தியம் பண்ணுங்க அத்தை."

பண்ணிக் கொடுத்தேன். சாகக் கிடக்கிறவரிடம் எவ்வளவு நேரம் வம்பு பண்ண முடியும்?

அவரிடம் படித்தவர்கள் தினமும் வந்தார்கள். செருப்பை வாசலில் வரிசையாக விடுவார்கள். நாற்காலியைக் கண்மட்டத்துக்குப் போடுவார்கள். சின்ன வசனம், சின்ன ஜெபம். மாப்பிள்ளை புன்னகைப்பார். வாயெடுத்துப் பேச மாட்டார். உடனே எழுந்துவிடுவார்கள். ஒருத்தர்கூடப் பாடம் தவறவில்லை. தவறினால் தேவலை என்று நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வாயைத் திறக்கத்தானே கூடாது, கையைக் காலை அசைக்கலாமே என்று நினைத்தேன். டீயைத் தாமதமாகப் போட்டேன். டீ வேண்டாம் பாட்டி, ஐயா களைச்சுப்போவார் என்று கிளம்பினார்கள். ஒருத்தருடைய செருப்பில் ஒன்றை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். தேடுகிற சாக்கில் இன்னும் கொஞ்சம் உட்காருவார், அந்த நேரத்தில் இவர் வாயைத் திறந்துவிடுவார் என்று கணக்கு. அந்தப் புண்ணியவான் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஏறிவிட்டார். அப்புறம் அதைக் கொடுத்தனுப்ப நான் பட்ட பாடு தனி.

மூத்தவர் ஒருவர் இருந்தார், இப்போது பயிற்சி வீட்டை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவரை வாசலில் மறித்தேன்.

"தம்பி, உள்ளே போனதும் மனசு எப்படி இருக்குன்னு கேளுங்க."

"நோயாளியோட மனசைத் தோண்டக் கூடாதுன்னு ஐயாவே சொல்லியிருக்கார் பாட்டி."

"அவர் சொன்னா சொன்னதுதானா?"

"நீங்கதானே அன்னைக்குப் போர்வைக்குள்ள படுத்திருந்தீங்க. நான் கேள்வி கேட்டதும் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டினீங்க."

நியாயம்தான். திட்டினேன்.

ஒரு மழை நாளில் ரேடியோ வந்தான். முழுக்க நனைந்திருந்தான். துண்டை நீட்டினேன், வாங்கிக்கொண்டானே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோ நின்றுபோனது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை. உள்ளே போய் நாற்காலியைக்கூட இழுத்துப் போடாமல் கட்டில்மேலேயே உட்கார்ந்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இவன் பாடத்தை மறந்துவிட்டான், இவன் இருப்பான்.

"ஐயா, நான் ஊழியத்தை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றான்.

மாப்பிள்ளை தலையைத் திருப்பினார்.

"என் சபையில ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். பிழைச்சிடும்னு சொல்லி, சத்தமா, உறுதியா ஜெபம் பண்ணினேன். செத்துப்போச்சு. அதுக்கப்புறம் எனக்கு ஜெபம் வரலை ஐயா. ஞாயிற்றுக்கிழமை மேடையில நின்னு வாயை அசைக்கிறேன். உள்ள ஒண்ணுமில்ல."

நான் கையில் வைத்திருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றேன். சொல்லுங்கள், எனக்கும் அப்படித்தான் என்று சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கேட்கிறவன் அழுதுகொண்டிருக்கிறான், வாசலில் நான்தான் காவல்.

மாப்பிள்ளை முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்தார். எத்தனையோ நாளாக அவர் அப்படி எழுந்ததில்லை.

"வரலன்னா விடு" என்றார். "இழுத்துக்கிட்டு வராத. அடுத்த ஞாயிறு மேடை ஏறாத. பின் பெஞ்சுல போய் உட்காரு, போதகரா இல்ல, சும்மா வந்த ஆளா. உன் சபையில வயசான அம்மா யாராவது இருப்பாங்கல்ல, அவங்ககிட்ட போய், எனக்கு வரலம்மா, எனக்காக நீங்க பண்ணுங்கன்னு கேளு. வெட்கப்படாத. ஒருத்தனுக்கு வராதப்ப இன்னொருத்தர் பண்ணுவாங்க. அதுக்குத்தான் சபைன்னு ஒண்ணு இருக்கு. இல்லன்னா ஆளுக்கொரு அறையில கதவைச் சாத்திக்கிட்டு இருந்திருக்கலாமே."

"நீங்களே சொல்றீங்களா ஐயா?"

"நான்தான் சொல்றேன். அந்தக் குழந்தையோட அம்மாவைப் போய்ப் பார்த்தியா?"

"பயமா இருக்கு."

"போ. ஒண்ணும் சொல்லாத. அவங்க உன்னைத் திட்டினா வாங்கிக்க."

ரேடியோ அவர் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பிறகு என்னிடம் டீ வாங்கிக் குடித்தான். மழை விட்டதும் மறுபடி பேச ஆரம்பித்திருந்தான். வாசல் தாண்டித் தெருவரைக்கும் அவன் குரல் கேட்டது.

நான் உள்ளே போய் நாற்காலியைக் கண்மட்டத்துக்குப் போட்டேன்.

"எவ்வளவு அழகா சொன்னீங்க மாப்பிள்ளை. அதையே நீங்களும் செய்யலாமில்ல?"

அவருக்கு மூச்சு வாங்கியது. "அது அவனுக்குச் சொன்னது அத்தை."

"உங்களுக்கு?"

"எனக்குச் சொல்லத் தெரியல."

"வயசான அம்மான்னு சொன்னீங்களே. நான் இருக்கேன். நான் பண்ணவா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் பண்ணத் தொடங்கினேன். எத்தனை பேருடைய ஜெபத்தைப் போர்வைக்குள் படுத்துக் கேட்டவள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "ஆண்டவரே, இவர் என் மாப்பிள்ளை. பயப்படுறார்" என்றேன். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன், தேடினேன். கடைசியில் போர்வையை இழுத்து அவர் பாதத்தை மூடினேன். அவர் தூங்கிவிட்டாரா, கேட்டுக்கொண்டிருந்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாளும் அவர்கள் வந்தார்கள், ஜெபித்தார்கள், எழுந்து போனார்கள். மாப்பிள்ளை புன்னகைத்தார். நான் திரும்பக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் அவருடைய மூச்சு மாறியது. என் மகள் வேலைக்குப் புறப்பட்டவள், கைப்பையைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய உதடு மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.

"அம்மா, பாரும்மா. ஜெபம் பண்றார்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இல்லை என்று சொல்ல முடியாது, சத்தியம் பண்ணியிருக்கிறேன். ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒருவேளை வந்துவிட்டதோ என்னவோ, அது எனக்கு எப்படித் தெரியும்?

"கிட்ட போய்க் கேளு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் குனிந்து அவர் வாயோடு காதை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"தண்ணி கேட்கிறாரும்மா."

ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். கரண்டியால் கொடுத்தாள். முதல் வாய் இறங்கியது. அடுத்தது கடைவாயோரம் வழிந்தது. அதைத் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை கொடுத்துப் பார்த்தாள்.