மூன்றாவது புள்ளி

அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊர். அங்கே முப்பது வீட்டுத் துணி வெளுத்தவள் ராக்காயி. எழுத்து வாசனை கிடையாது. ஆனால் எந்த வீட்டுத் துணிக்கு அடையாளமாகச் சேங்கொட்டைப் பாலில் எத்தனை புள்ளி குத்தியிருக்கிறாள் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எழுதுகிற மை பட்டால் எலுமிச்சம்பழமும் உப்பும். தார் பட்டால் மண்ணெண்ணெய். போகவே போகாது என்று அவள் ஒப்புக்கொண்ட கறை ஒன்றே ஒன்றுதான், அவளே குத்தும் சேங்கொட்டைப் புள்ளி.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஆவணியில், செட்டியார் வீட்டுச் சாலா ஆச்சி தன் புருஷன் கண்ணப்பனின் சட்டையைத் தனியாகச் சுருட்டிக் கொடுத்தாள். அதன் இரண்டு கையிலும் அப்பிக் கிடந்தது அச்சு மை. வெள்ளைக்காரனைத் திட்டி நோட்டீஸ் அச்சடித்துச் சந்தையில் ஒட்டியவனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த சமயம் அது.

“வெளிய தெரிஞ்சா அவுகளக் கொண்டுபோயிருவாங்க ராக்காயி. ஒன்னத்தான் நம்பியிருக்கேன்” என்றாள் ஆச்சி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அச்சு மை எலுமிச்சைக்கு மசியாது. சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயோ குதிரைக்கொம்பு. விளக்குக்கு வைத்திருந்ததை ஊற்றித் தேய்த்தாள். பிறகு உவர்மண்ணில் முக்கி வெள்ளாவியில் அவித்தாள். மறுநாள் மை போயிருந்தது. வாடைதான் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்மாய்க்கரையில் இரண்டு போலீஸ்காரர்கள் தலை தெரிந்தது. கொடியில் கிடந்த ஒவ்வொரு சட்டையாக மோந்து பார்த்து, காலரைத் திருப்பிக் குறி பார்த்து வந்தார்கள். விவரமான பயல்கள்! கண்ணப்பன் வீட்டுக் குறி இரண்டு புள்ளி. கொடியில் அந்த வீட்டுச் சேலை, வேட்டி எல்லாவற்றிலும் அதே இரண்டு புள்ளி.

மூன்று புள்ளி, தனியாளாக இருந்து சித்திரையில் செத்துப்போன உடையப்பன் வீட்டுக் குறி. பிணம் வேகுமுன்பே செத்தவர் துணியெல்லாம் வெளுக்கிறவளுக்குச் சேரும் என்பது ஊர் வழக்கம். ராக்காயி கண்ணப்பன் சட்டையை உருவிக்கொண்டு துணி மூட்டைக்குப் பின்னால் குந்தினாள். சேங்கொட்டையில் ஊசியைத் தோய்த்து மூன்றாவது புள்ளியைக் குத்தி, அது உடனே கறுக்கச் சுண்ணாம்பைத் தடவினாள்.

“மண்ணெண்ணெய் வீசுதே, யாரு சட்டை இது?” என்றான் ஒருவன்.

“செத்துப்போன உடையப்பன் அய்யாவுதுங்க. செத்தவுக துணி எங்களுக்குத்தானுங்களே. தாரு ஒட்டியிருந்துச்சு, அதான்.”

அவன் கட்டைவிரலால் மூன்றாவது புள்ளியை அழுத்தித் தேய்த்தான். சேங்கொட்டை தேய்த்தால் போகிற சாதியா? சட்டையை அவள் மேலேயே எறிந்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகுதான் நிஜமான பயம் பிடித்தது. உயிரோடிருக்கிற மனுஷன் சட்டையில் செத்தவன் குறி! அது அவரையும் கொண்டுபோய்விட்டால்? அழிக்க ஊர் உலகத்தில் மருந்து இல்லை. ‘பாவி, நானே குத்திட்டேனே’ என்று மாரில் அடித்துக்கொண்டாள். சட்டை வெள்ளாவியில் கருகிப்போனதாக ஆச்சியிடம் சொல்லிவிட்டு, அதைப் பானைக்குள் போட்டு மூடி வைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் செட்டியார் வீட்டுக் கொல்லையில் நின்று, “அய்யா எந்திரிச்சுட்டாங்களா ஆச்சி?” என்று கேட்பாள். உள்ளேயிருந்து கண்ணப்பன் இருமுகிற சத்தம் கேட்டால்தான் அழுக்கு மூட்டையைத் தொடுவாள். ஆச்சிக்குச் சிரிப்பாக இருக்கும்.

சுதந்திரம் வந்த அன்று ஊரெல்லாம் கொடி. கண்ணப்பனுக்கு மாலை போடக் கூட்டமாகக் கிளம்பி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ராக்காயி கொல்லையில் வந்து நின்றுகொண்டு கேட்டாள்:

“அய்யா எந்திரிச்சுட்டாங்களா ஆச்சி?”