பின்கோடு தெரிந்தால் போதும்

எங்கள் லெப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டில் போன் இருந்தால் அது தெருவுக்கே போன். சவுதியில் இருக்கும் ஆண்கள் அந்த வீட்டுக்கு அடித்து, "நாலாவது வூட்டுப் புள்ளையக் கூப்பிடுங்க" என்பார்கள். ஓடிப்போய்ப் பேசுவோம். போன் வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, மரியாதையாக, முழுவதையும் கேட்பார்கள். இந்தப் பழக்கத்தோடுதான் நாங்கள் இன்டர்நெட்டுக்குள் நுழைந்தோம்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் கடைவீதி ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். கடைக்காரர் எங்கள் தெருவுக்கென்று ஒரே ஒரு மெயில் ஐடி திறந்து கொடுத்தார். தெருவுக்கு ஒரு தண்ணிக்குழாய் போதும் என்றால் மெயில் மட்டும் ஆளுக்கொன்று எதற்கு என்பது அவர் கட்சி. யாருக்கும் மறக்கக்கூடாது என்று பாஸ்வேர்டாக ஊர்ப் பின்கோடையே போட்டார். யாரும் மறக்கவில்லை. தபால் கவரில் விலாசம் எழுதத் தெரிந்த எவரும் எங்கள் குடும்ப விஷயத்தைப் படிக்கலாம் என்றாயிற்று.

சவுதியில் இருந்தவர்களும் அதே ஐடியில் நுழைந்து அதற்கேதான் எழுதுவார்கள். இதில் இன்னொரு கூத்து, எங்கள் ஆண்கள் கடிதத்தில் பெண்டாட்டி பெயரை எழுத மாட்டார்கள். எல்லா மெயிலும் "அன்பு மனைவிக்கு" என்று தொடங்கி "உன் அன்புக் கணவன்" என்று முடியும். எந்த மனைவி, எந்தக் கணவன் என்று கண்டுபிடிக்கக் கடைக்காரர் பாவம் முழுவதையும் படித்தாக வேண்டும். ஆடு, மூலம், மச்சினன் கல்யாணம் என்று ஏதாவது அடையாளம் சிக்கியதும் பிரிண்ட் எடுப்பார். "லாத்தா, இது ஒங்களுக்குத்தான். மச்சானுக்கு மூலம் கொறஞ்சிருச்சாம்" என்று அக்கா முறை வைத்து நடுக்கடையில் நீட்டுவார். மனிதர் மீது குற்றமில்லை; சம்பளமில்லாமல் தபால்காரர் வேலை பார்த்தார்.

எனக்கு பி.எட். படித்து டீச்சராக வேண்டும். பி.எஸ்சி. முடித்த கையோடு கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, மருமகள் தினம் பெரம்பலூருக்கு பஸ் ஏறுவது ஆகாது. அதனால் சவுதியில் இருந்த என் கணவருக்கு ரகசியமாக எழுதினேன். ரகசியமாக, அந்த ஐடியிலேயே! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "சேர்ந்துவிடு. சீட் கிடைத்த பிறகு அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அதுவரை மூச்சுவிடாதே" என்று பதில் எழுதியிருந்தார். அதை நான் படிப்பதற்குள் மாமியின் தங்கை படித்து, வீட்டுக்கு வந்து சொல்லி, டீயும் குடித்துவிட்டுப் போயிருந்தார்.

மாமி கத்தவில்லை. "என் வூட்டுச் சேதிய ஊரு வந்து எனக்குச் சொல்லுது" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னோடு பேச்சை நிறுத்தினார். படிப்பு போயிற்று என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது தீர்ந்ததும் கோபம் வந்தது. நேரே கடைக்குப் போய் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். மறுநாள் குழாயில் தண்ணீர் நின்றுபோனது போலத் தெருவே கடைமுன் கூடியது. "எவ பூட்டுனா? என் மவன் பதில் போட்டிருப்பானே!" என்று ஒரு பெரியம்மா ஒப்பாரியே வைத்துவிட்டார். சவுதியில் இருந்த ஆண்கள் போன் வீட்டுக்கு அடித்துத் திட்டினார்கள். கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏம்மா, மறைக்கிற அளவுக்கு நம்மகிட்ட என்னம்மா இருக்கு?" என்றார். எனக்கு இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பின்கோடையே திரும்பப் போட்டேன்.

போட்ட பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஊரே படிக்கும் என்றால், ஊர் எதைப் படிக்க வேண்டுமோ அதை எழுதலாமே. எழுந்திருக்காமல் கணவருக்கு ஒரு மெயில் அடித்தேன்: "மாமியைப் போல ஒரு மாமியார் யாருக்குக் கிடைப்பார்? நான் படிக்க வேண்டும் என்று உங்களைவிட அவருக்குத்தான் ஆசை. தன் பெருமையைத் தானே பேசக் கூச்சம், அதனால்தான் வெளியே சொல்லவில்லை." ஒரு சொல்கூட உண்மையில்லை.

அடுத்த நாள் மாமி கடைவீதிக்குப் போனார். "மருமவளப் படிக்க வைக்கிறீங்களாமே, மாஷா அல்லாஹ்! இந்த மனசு யாருக்கு வரும்?" என்று வழியெல்லாம் பாராட்டாம். திரும்பி வந்து கூடையை என் முன்னால் தொப்பென்று வைத்தார்.

"நான் அவ்ளோ நல்லவ இல்லன்னு எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும். இப்ப தெருவுக்கு யாரு போயிச் சொல்றது? போயிச் சேந்து தொலை."

சேர்ந்தேன். பெரம்பலூரில், காலேஜ் கம்ப்யூட்டரில், எனக்கே எனக்கென்று ஒரு ஐடி திறந்தேன். அதைத் தெரு மெயிலில்தான் கணவருக்குத் தெரிவித்தேன். விலாசத்தை எல்லோரும் படிக்கட்டும், சாவி என்னிடம்தானே இருக்கிறது. அவரும் தனியாக ஒன்று திறந்து பதில் எழுதினார்.

திறந்து பார்த்தேன். "அன்பு மனைவிக்கு" என்று இல்லை. என் பெயர் இருந்தது. கல்யாணமானதிலிருந்து அவர் என் பெயரை எழுதி நான் பார்த்ததே இல்லை. பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த பெண், "என்னக்கா, ஊர்லேர்ந்து சேதியா?" என்று எட்டிப் பார்த்தாள். சட்டென்று மானிட்டரை அணைத்துவிட்டேன்.