நோர்மனின் நிறம்

"சீ!" என்றாள் பட்ரிசியா.

மேசையில் சாய்த்து வைத்த படச் சட்டத்துக்குள் கோட்டும் சிவப்பு டையும் அணிந்த ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். முகம் அவித்த மரவள்ளிக் கிழங்கின் நிறம். முதுகுக்குப் பின்னால் பனி மூடிய மலை. அவளுடைய புருஷன் நோர்மனாம் அது. பனிச்சையடியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர், கலியாணத்தன்றுகூடக் கோட்டுப் போடாதவர், நுவரெலியாக் குளிருக்குப் பயந்து, போன பஸ்ஸிலேயே திரும்பி வந்தவர். அந்த நோர்மனைத்தான் டவுனில் ஒரு ஸ்டூடியோக்காரன் இப்படி ஆக்கி வைத்திருந்தான்.

படத்தைக் கொண்டுவந்தவள் நோர்மனின் அக்கா மேபல். வருகிற ஞாயிறு நோர்மனின் ஓராண்டுப் பூசை. பீடத்துக்கு முன்னால் மேசை போட்டு, இதற்குத்தான் மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்பது அவள் முடிவு.

"கன்னத்தில இரிந்த தீக்காயம் எங்க மச்சாள்?" என்று கேட்டாள் பட்ரிசியா.

"அதெல்லாம் எடுத்திட்டான். எவ்வளவு வடிவாச் செஞ்சிரிக்கான் பாருங்க."

"ஆரெண்டே தெரியல்லியே."

"பறங்கியாள் மாதிரி இரிக்கான். அது போதும்."

மேபலுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே மனக்குறைதான். போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிக் குடும்பத்தில் பிறந்த தன் தம்பி இப்படிக் கறுப்பாகப் போய்விட்டானே என்பது அது. அவளுடைய சொந்த வெள்ளையும் கழுத்தோடு நின்றுவிடும், அதற்குக் கீழே பவுடர் போவதில்லை. நோர்மன் உயிரோடு இருந்தபோது எப்போது வந்தாலும் முதல் பேச்சு இதுதான்: "வெயிலுக்க நிக்காத தம்பி, இன்னும் கறுத்துப் போவாய்." கடைசியில் ஈரல் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கட்டிலடியில் நின்று, "கொஞ்சம் வெளுத்திரிக்கான் போல" என்றாள். அந்த வார்த்தையைப் பட்ரிசியா இன்னும் மன்னிக்கவில்லை.

"இந்த அசிங்கத்த நான் கோயிலுக்குக் கொண்டுபோக மாட்டன்" என்றாள்.

"அப்ப இதவிட நல்ல படம் ஒண்டு வெச்சிரிக்கீங்களா? இரிந்தாக் கொண்டாங்க. இல்லாட்டி இதுதான் மேசையில வரும்" என்று சொல்லிவிட்டு மேபல் கிளம்பினாள்.

பட்ரிசியாவிடம் படம் இருந்தது. போன வருஷ ஈஸ்டரன்று பட்டறை வாசலில், வெள்ளை பெனியனோடு நோர்மன் எதற்கோ சிரித்தபோது அவள் போனில் எடுத்தது. வீட்டில் பிரின்டரும் இருந்தது. அவள் தையல்காரி. கட்டாருக்குப் போகுமுன் மகன் அன்ட்ரூ, சட்டை மாதிரிகள் எடுக்க வசதியாக இருக்குமென்று வாங்கி வைத்துவிட்டுப் போன மெசின். பட்டனை அமத்தினால் படம் வந்துவிடும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

வழக்கமாகப் போடும் சாதாரணத் தாளில் முதல் படத்தை எடுத்தாள். தாள் மையைக் குடித்து அப்பளம் மாதிரி நெளிந்தது. நோர்மன் சாம்பலில் புரண்டவர்போல வந்தார். கசக்கி எறிந்தாள்.

அடுத்த நாள் கல்லடிப் பாலம் தாண்டிக் காத்தான்குடிக்குப் போனாள். பிரின்டர் சாமான்கள் விற்கும் நஸீர், "போட்டோக்கெண்டா போட்டோ பேப்பர்தான் அன்ரி, கிளோஸி கொண்டு போங்க" என்று பளபளவென்று ஒரு கட்டைக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து போட்டால், மை பிடிக்கவேயில்லை. சளி மாதிரி வழுக்கி, மூக்கும் வாயும் ஒன்றாக வழிந்தன. தாளின் பின்பக்கத்தில் அடித்திருக்கிறாள்! துணியின் உள்ளையும் வெளியையும் தெரியாதவர்களைக் காலமெல்லாம் ஏசிய வாய் அவளுடையது. அந்த வாயால் இப்போது தன்னையே ஏசிக்கொண்டாள்.

பிறகு நூல் கோக்கிறவள்போல விரலை நாக்கில் தொட்டுத் தாளின் மூலையைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் லேசாக ஒட்டியது, அதுதான் முகப்பக்கம். சரியாகப் போட்டும் கோடு கோடாக வந்தது. போனில் பிரின்டர் செட்டிங்கைத் தேடிப் பார்த்தால், தாளின் வகை இன்னும் 'சாதாரணத் தாள்' என்றே கிடந்தது. கிளோஸி என்று மாற்றினாள். தரத்தையும் 'உயர்' என்று வைத்தாள். மெசின் மெல்ல மெல்ல இழுத்து, படத்தை வெளியே தள்ளியது.

கோடில்லை, வழியவில்லை. ஆனால் நோர்மன் வெள்ளை!

ஸ்டூடியோக்காரன் அளவுக்கு இல்லை. இருந்தாலும் கன்னம் வெளிறி, தீக்காயம் பாதி அழிந்து, மேபல் ஆசைப்பட்ட தம்பியாகத்தான் வந்தார். மனுசர்தான் இப்படியென்றால் மெசினுமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு மறுபடி நஸீரிடம் போனாள்.

அவன் சிரித்தான். "வெள்ளையா வந்தா நல்லந்தானே அன்ரி! மெசின் தானாவே மூஞ்சியக் கண்டுபிடிச்சி வெளிச்சம் குடுக்கும். கடையில வேண்டக்குள்ளயே, புதுசிலயே, அந்த செட்டிங்கோடதான் வாற. கலியாண வீட்டு ஆக்கள் அதுக்காகவே தேடி வாறாங்க."

"எனக்கு வேணாம். என்ட மனிசன் கறுப்பு. கறுப்பாத்தான் வரணும்."

நஸீரின் சிரிப்பு நின்றது. அவளுடைய போனை வாங்கி, 'தானாகத் திருத்து' என்ற இடத்தில் இருந்த அடையாளத்தை எடுத்துவிட்டான். "கோயிலுக்கெண்டா இந்த மினுக்கம் சரிவராது. லைட் பட்டா மூஞ்சி தெரியா. மெட் பேப்பர் கொண்டு போங்க, செட்டிங்கிலயும் மெட் எண்டு மாத்துங்க. எடுத்த உடன சட்டத்துக்க போட்டிராதீங்க அன்ரி. இந்த வாவிக் காத்துக்கு மை லேசில காயாது, கண்ணாடியில ஒட்டிப் போயிரும்."

சனிக்கிழமை காலையில் மினுக்கமில்லாத அந்தத் தாளைப் போட்டு, எல்லாவற்றையும் மாற்றி, அமத்தினாள். முதலில் தலைமயிர் வந்தது. பிறகு நெற்றி. கறுப்பு, நல்ல கறுப்பு. கன்னத்தில் தீக்காயம், அதன் சுருக்கம்கூடத் தெரிந்தது. "வந்திட்டீங்களா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள் பட்ரிசியா. ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையான சந்தோஷம்.

படத்தை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பிடித்தபோது கண்கள் மஞ்சளாக இருந்தன.

நாசமாய்ப் போன மெசின் என்றுதான் முதலில் திட்டினாள். மஞ்சள் மை கூடியிருக்கும், திரும்ப எடுக்கலாம். எடுத்தாள். அதே மஞ்சள். அப்போதுதான் பெனியனைப் பார்த்தாள். பெனியன் பால்போல வெள்ளை. சுவரில் அடித்திருந்த சுண்ணாம்பும் வெள்ளை. மை கூடியிருந்தால் அவையும் மஞ்சளாகியிருக்க வேண்டும். கண் மட்டும்தான் மஞ்சள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஞாபகம் வந்தது. "கண் எப்ப இருந்து மஞ்சள்?" இந்தக் கிழமைதான், ரெண்டு மூண்டு நாளா, டாக்டர் என்று அவள் பதில் சொல்லியிருந்தாள். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்றார் அவர். படமோ ஈஸ்டரன்று எடுத்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தக் கண் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறது.

போனில் அந்தக் கண்ணைப் பெருப்பித்தாள். வெளுக்கிற தூரிகை திரையின் ஓரத்திலேயே இருந்தது. ஒரு தேய்ப்புப் போதும், மஞ்சள் போய்விடும், ஒருவருக்கும் தெரியாது. விரல் அதை நோக்கிப் போனதை அவளே பார்த்தாள். மேபலின் விரல் மாதிரி இருந்தது அது. மேபலைப் பார்த்தும் மெசினைப் பார்த்தும் வந்த அருவருப்பெல்லாம் இப்போது தன்னைப் பார்த்தே வந்தது. போனைத் தையல் மெசினில் கவிழ்த்து வைத்தாள். படத்தைக் காய விட்டாள்.

ஞாயிறு பூசைக்கு மேபல் முந்தியே வந்திருந்தாள். மேசையில் இருந்த நோர்மனைக் கண்டதும் முகத்தைச் சுழித்தாள்.

"என்ன மச்சாள், இப்படிக் கறுப்பாக் கொண்டு வந்திரிக்கீங்க?"

மேபல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனாள். தம்பியின் முகத்துக்கு அவ்வளவு கிட்ட அவள் போய் எத்தனை காலமோ.

"கண் மஞ்சளாக் கிடக்கே" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "இது எப்ப எடுத்த படம்?"

"ஈஸ்டருக்கு."

"ஈஸ்டருக்கா? நானும் அண்டைக்கு வந்தன் தானே."

"ஓம் மச்சாள். வந்தீங்க. நானும் பக்கத்திலதான் நிண்டன்" என்றபடி பட்ரிசியா மெழுகுதிரியைக் கொளுத்தினாள். "நாம ஆரும் பாக்கல்ல."