கேட்டு திறந்தது தெரியவில்லை

கடலூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீடு சிதம்பரத்தில். தினமும் பஸ்ஸில் போய் வந்து, மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பேன். யார் எந்த வேலை சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பேன். நாத்தனாரின் வளைகாப்புச் சமையலையும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டேன்.

ஒருநாள் மாலை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். கேட் பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மா.

"ஏம்மா, கேட்டத் தொறந்து எல்லாரும் போயிட்டாங்க. அடுத்த ரயிலுக்கு மறுபடியும் மூடியாச்சு. நீ போவலியா?"

ஹேண்டில்பார் மேல் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். அத்தனை ஹாரன் சத்தமும் காதில் விழவில்லை. வெட்கத்தோடு சிரித்து மழுப்பினேன். பிறகுதான் உறைத்தது. கடைத்தெரு நெரிசலில் கேட் வரை நான் ஓட்டி வந்த வழியில் ஒரு திருப்பம்கூட நினைவில் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு சேர்ந்தேன்.

வளைகாப்புச் சமையலை ஆள் வைத்து முடித்தோம். டியூஷனைக் குறைத்துவிட்டேன். இப்போது யார் வேலை சொன்னாலும் "கேட்டுச் சொல்றேன்" என்கிறேன்.

"அண்ணனக் கேக்கணுமா அண்ணி? அவரு வேணாங்க மாட்டாரே" என்கிறாள் நாத்தனார்.

நான் கேட்பது என் உடம்பை என்று அவளிடம் சொல்லவில்லை. 'கேட்டு' என்று வாய் சொல்லும்போதே, நான் அறியாமல் திறந்து மூடிய அந்தக் கேட்டு கண்முன் வந்துவிடுகிறது.