கமலவேணி டீச்சரின் கோடை விடுமுறைகள்

காரமடையில் என் அண்ணன் வீட்டு முற்றத்தில் அண்ணியோடு உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் ஒரு கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். எழுதியவர் கோயமுத்தூரில், உக்கடத்துப் பக்கம், கமலவேணி டீச்சருக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் கம்பவுண்டர். மூன்றே வரிகள். "கமலவேணி டீச்சரம்மா நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் காலமானார். தகனமும் முடிந்தது. வீட்டில் பிராணிகள் இருக்கின்றன, உடனே வரவும்."

ஒரு மனுஷியின் மரணத்தைச் சொல்லும் கார்டில் அந்தக் கடைசி வரி மற்றவர்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம். அவரோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த உங்களுக்கு அப்படித் தோன்றாது. புளிக் கையைக் கழுவிக்கொண்டு அன்று சாயங்கால ரயிலுக்கே கிளம்பினேன். வண்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "ஏனுங்க அம்மணி, தலை வலிக்குதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். கமலவேணி டீச்சர் எனக்கு உறவு இல்லை. சிநேகிதி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நான் அவருக்கு எதுவும் செய்ததும் இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே ஜூன் மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஏறக்குறைய ஒரே வயது. அவர் பூகோளம், நான் தமிழ். பதினாலு வயதில் தாலியை இழந்தவர் என்பதும், அண்ணன்தான் பிடிவாதமாகப் படிக்கவைத்தார் என்பதும், அந்த அண்ணன் போனபிறகு பிறந்த வீட்டிலிருந்து தீபாவளிக்குக்கூடக் கடிதம் வருவதில்லை என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். ஏப்ரலில் பள்ளி மூடும் நாளன்று ஆசிரியைகள் அறையில் எல்லோருடைய பேச்சும் ஊரைப் பற்றியே இருக்கும். போத்தனூரில் எந்த வண்டி மாற வேண்டும், யார் வீட்டுக் கல்யாணம், எத்தனை ஜாடி ஊறுகாய் என்று. அவர் பரீட்சைத் தாள்களைக் கட்டி முடிச்சுப் போடுவதில் மும்முரமாக இருப்பார். "நீங்க எப்பப் போறீங்க?" என்று புதிதாக வந்த ஒருத்தி ஒரு வருஷம் கேட்டுவிட்டாள். "நான் இங்கதானுங்க" என்றார். அதற்கப்புறம் அவரை யாரும் கேட்டதில்லை.

பிராணிகள் அவரிடம் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்காது. அப்போதிருந்த தலைமையாசிரியை அம்மாள் கோடைக்குக் குன்னூர் போகும்போது தன் நாயைப் பள்ளி வாசல்காரனிடம் விட்டுவிட்டுப் போனார். அவன் அதைத் தகரக் கொட்டகையில் கட்டிப்போட்டு வேளைக்குச் சோறு வைத்தான். அவன்மேல் குற்றம் இல்லை, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். விடைத்தாள் எடுக்கப் போன கமலவேணி டீச்சர், நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தகரத்துக்கு அடியில் கிடப்பதைப் பார்த்தார். சங்கிலியை அவிழ்த்துத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜூன் மாதம் தலைமையாசிரியை திரும்பி வந்தபோது நாய் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. அந்தச் செய்தி பரவியது. அடுத்த கோடையில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் வீட்டுக் கிளி வந்தது. அதற்கடுத்த வருஷம் ஒரு மாணவியின் முயல், மில் இன்ஜினியர் வீட்டு ஜிம்மி என்ற சடை நாய், எங்கிருந்தோ ஒரு பூனை. ஊருக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து விட்டார்கள். ஊருக்குப் போகாத ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது.

அந்த வீட்டை நான் கோடையில் ஒரே ஒரு முறைதான் சரியாகப் பார்த்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன், அண்ணி பிறந்த வீடு போயிருந்ததால் நான் பத்து நாள் தாமதமாகக் கிளம்பினேன். இரண்டே அறை, பின்னால் ஒரு தாழ்வாரம், ஒரு வேப்பமரம். ஜன்னல்களில் நனைத்த கோணிச் சாக்குகள் தொங்கின. தண்ணீர்ப் பானைக்கு அடியில் மணலைக் கொட்டிப் பரப்பியிருந்தார். பானையிலிருந்து கசியும் ஈரத்தில் ஜிம்மி வயிற்றை வைத்துப் படுத்திருந்தது. முயலுக்கு வாய் உடைந்த பெரிய பானையொன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பாதி வரை ஈரமணலில் புதைத்திருந்தார். அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஆவணி மாதம்போல் குளுமையாக இருந்தது. பூனையைத்தான் காணோம். கேட்டதற்கு, "பூனைக்கு நாம சொல்லித்தர வேண்டியது ஒண்ணுமில்லீங்க டீச்சர். அது எங்க போய்ப் படுக்குதோ அங்க நாமதான் போய் உக்காரோணும்" என்று சொல்லி, அம்மிக்குப் பின்னால் சுவர் மூலையைக் காட்டினார். பூனை அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பாயும் அங்கேதான் விரித்திருந்தது.

வெயிலைக்கூடச் சமாளித்துவிடலாம், பகல் நீளமாக இருப்பதுதான் கஷ்டம் என்பார். வெளியே விட முடியாத மிருகம் சலித்துப்போய்த் தன்னையே கடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடுமாம். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வைத்திருந்தார். கொட்டாங்குச்சிக்குள் ராகிக் களியை அப்பி ஜிம்மிக்குப் போடுவார். அதை நக்கித் தீர்க்க அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். கிளிக்கு உரிக்காத நிலக்கடலையைத் துணியில் முடிந்து கூண்டில் கட்டுவார். முடிச்சை அவிழ்த்தால்தான் கடலை. அது அவிழ்த்து முடித்து ஒரு கத்துக் கத்தும். உடனே இன்னொரு முடிச்சுப் போடுவார். பார்த்துக்கொண்டிருந்த நான், "உங்களுக்கு நல்லாப் பொழுது போகுதுங்க" என்றேன். "அதுகளுக்குப் போகுதுங்க" என்றார்.

அந்தப் பத்து நாளில் நான் ஒரு தவறு செய்தேன். உதவி செய்வதாக எண்ணி, ஒரு நாள் ஜிம்மியை என்னோடு கடைவீதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது உச்சி வெயில். தெரு திரும்பியதும் நாய் நடக்க மறுத்தது. சங்கிலியைப் பிடித்து இழுத்தேன். வீட்டு வாசலில் கால் மடங்கி விழுந்தது. வாயோரம் நுரை. கண் எங்கேயோ பார்த்தது. நான் கூச்சல் போட்டுக்கொண்டு சொம்புத் தண்ணீரை அதன் வாயில் ஊற்றப் போனேன்.

"வாயில ஊத்திப்போடாதீங்க! மூச்சுக்குழாயில போயிரும்." அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அத்தனை பெரிய நாயை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டார். ஈரத்துணியால் அடிவயிற்றையும் காதுகளையும் பாதங்களையும் ஒற்றினார். துணி சூடேற ஏற மாற்றினார். என்னை விசிறச் சொன்னார். உதட்டோரம் விரலால் சொட்டுச் சொட்டாக நனைத்தார். எவ்வளவு நேரம் ஆயிற்றென்று தெரியாது. என் கை மரத்துப்போனது. கடைசியில் ஜிம்மி நாக்கை நீட்டி அவர் விரலை நக்கியது. நான் அழுதுவிட்டேன்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து, மோரைக் கொடுத்தபடி சொன்னார். "நீங்க செருப்புப் போட்டிருந்தீங்க டீச்சர். அதுக்குச் செருப்பு இல்லீங்களே." பிறகு என் புறங்கையைப் பிடித்து வாசல் கல்லில் வைத்தார். ஒரு கணம்கூட வைத்திருக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம்தான் கேட்டேன், இவ்வளவு தெரிந்தவர் சொந்தமாக ஒன்றை ஏன் வளர்க்கக் கூடாதென்று. அவர் கோணியை நனைத்துக்கொண்டிருந்தார். "எனக்குன்னு ஒண்ணு வந்துபோட்டா, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அது யாரு ஊட்டுக்குப் போகுமுங்க? இதுகளுக்கெல்லாம் ஜூன் மாசம் ஆள் வந்துருது" என்றார். சொல்லிவிட்டுக் கோணியைப் பிழிந்து தொங்கவிட்டார்.

இந்த வருஷம் பள்ளி மூடிய அன்று அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க டீச்சர், இந்த லீவுக்கு ஒரு பதினஞ்சு நாள் இங்க இருந்துட்டுப் போகலாமுங்களே. நல்லா ஆக்கிப்போடறேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அதுவரை அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அண்ணன் காத்திருப்பார் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் ஒரு கடிதம் போட்டிருந்தால் அண்ணன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். "சரிங்க, போயிட்டு வாங்க. போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடுங்க" என்றார். போட்டேன். அந்தக் கார்டில் இருந்த விலாசத்தைப் பார்த்துத்தான் கம்பவுண்டர் எனக்கு எழுதினார். வேறு யாருடைய விலாசமும் அந்த வீட்டில் இல்லை.

நான் உக்கடம் போய்ச் சேர்ந்ததும் கம்பவுண்டரின் மனைவி நடந்ததைச் சொன்னார். "மொத நாளே சொன்னனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமுங்க டீச்சரம்மான்னு. இதுகளை யாருங்க பாக்கறதுன்னு நாளைத் தள்ளிப்போட்டாங்க. ஒடம்பு கொதிக்குது, அந்தக் கையில நாய்க்கு ஈரத்துணி போட்டுட்டிருந்தாங்க." நாலாம் நாள் ஜட்கா வண்டி வாசலில் நிற்கும்போது, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்து ஏதோ எழுதினாராம்.

எழுதியது சுவரில் ஒட்டியிருந்தது. பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கம், அந்தந்தப் பிராணி இருக்கும் இடத்துக்கு மேலே, சோற்றுப் பசையால் ஒட்டிய துண்டுகள். முயலுக்கு: "மணலை மட்டும் நனைக்கவும். மேலே தண்ணீர் பட்டால் பயந்துகொள்ளும்." கிளிக்கு: "ஈரத்துணியால் மூன்று பக்கம் மூடினால் போதும். தெருப்பக்கம் திறந்திருக்கட்டும். ஆள் நடமாட்டம் பார்க்காவிட்டால் இறகைப் பிய்த்துக்கொள்கிறது." பூனைக்கு ஒன்றுமில்லை. ஜிம்மிக்கு: "மத்தியானம் இரண்டு மணிக்கு யாராவது பக்கத்தில் உட்காரவும். ஒன்றும் செய்ய வேண்டாம். உட்கார்ந்தால் போதும்." எழுத்து கோணலாகப் போயிருந்தது. தன்னைப் பற்றி, யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்பது பற்றி, ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

நான் அந்த வீட்டிலேயே தங்கினேன். துண்டுகளில் இருந்தபடி எல்லாம் செய்தேன். இரண்டு மணிக்கு ஜிம்மியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் ஈ காக்கை இருக்காது. உக்கடத்துக் குளத்துப் பக்கமிருந்து அனல் வீசும். நாய் என் மடியில் தலையை வைக்கவில்லை. வாசலையே பார்த்தபடி படுத்திருந்தது. இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எவ்வளவு நேரம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜூன் பிறந்ததும் ஆட்கள் வந்தார்கள். ஜவுளிக் கடைக்கார அம்மாள் இந்தத் தடவை வண்டியில் தானே வந்தார். வெற்றிலை பாக்குப் பழத்தட்டை என் கையில் கொடுத்து, "இந்த வருஷமும் நல்லாப் பாத்துக்கிட்டீங்க டீச்சர்" என்றார். இதுவரை வேலைக்காரியையே அனுப்பியிருக்கிறார், டீச்சரின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. "அது நான் இல்லீங்க" என்று நடந்ததைச் சொன்னேன். "அப்படிங்களா" என்றார். பிறகு கூண்டை எடுத்துக்கொண்டு போனார். முயலின் சொந்தக்காரப் பெண் சுவரில் இருந்த துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பூனை சொல்லாமல் போய்விட்டது. இன்ஜினியர் வீட்டு ஆள் சங்கிலியோடு வந்தபோது ஜிம்மி சமையலறைக்குள் போய்ப் பார்த்தது. அறைக்குள் போய்ப் பார்த்தது. வேப்பமரத்தைச் சுற்றி வந்தது. பிறகு தானாக வந்து கழுத்தைக் கொடுத்தது.

அதற்கு மறுநாளும் நான் அங்கே இருந்தேன். பள்ளி திறக்க ஒரு நாள் பாக்கி. கோணிகளை அவிழ்த்து மடித்து வைத்தேன், மணலை அள்ளிக் கொட்டினேன். காலை பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. உட்கார முடியாமல் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே நடந்தேன். வாசல்காரன் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஆசிரியைகள் அறையைத் திறந்துவிட்டான். "கமலவேணி டீச்சரம்மாவும் வருஷா வருஷம் திறக்கறதுக்கு மொத நாள் வந்துருவாங்க. பொழுதுக்கும் உக்காந்திருந்துட்டுத்தான் போவாங்க" என்றான். நம்மில் ஒருவருக்கும் அது தெரியாது. நாம் அடுத்த நாள் மணியடிக்கும் நேரத்துக்கு, ஊர்க் கதைகளோடு வந்து சேர்ந்தவர்கள்.

அவருடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. அந்த ஒரு நாளைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இனி ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் நான் அந்த அறைக்கு வந்து உட்காருவேன். உங்களில் யாருக்காவது வர முடிந்தால் வாருங்கள். ஒன்றும் பேச வேண்டியதில்லை.