நடந்துகொண்டே இருங்கள் என்றேன்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் உள்ள சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் இது நடந்தது. மூவாரிலிருந்து நானே காரை ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். இடைநிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு என்னைப் பற்றிக்கொண்ட பழக்கம் புகைப்படம்.

அந்த அருங்காட்சியகத்தில் ஒரு போர் விமானம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. ஒருவர் மட்டுமே அமர்ந்து ஓட்டுவது. செம்பனைத் தோட்டத்துச் சதுப்பில் துண்டு துண்டாகப் புதைந்து கிடந்ததை வெளியே எடுத்து, பல ஆண்டுகள் பாடுபட்டுச் சீரமைத்து நிறுத்தியிருந்தார்கள். அந்த வகை விமானங்களில் இன்று மிச்சமிருப்பவை மிகச் சில. போரைப் பற்றி நான் வாங்கிப் படித்த நூல்கள் என் வீட்டில் ஓர் அலமாரியை நிறைத்திருக்கின்றன. ஆகவே அதன் இறக்கை நீளமும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் எனக்கு மனப்பாடம். எங்கள் புகைப்படக் கழகத்தின் கண்காட்சிக்கு அதைத் தனியாக எடுக்க வேண்டும், சுற்றிலும் ஓர் ஆள்கூட இல்லாமல், வெற்று மண்டபத்தில் இப்போதுதான் வந்து இறங்கியது போல எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆட்கள் நடமாடும் இடத்தில் ஆளில்லாத படம் எடுக்க ஒரு வழி உண்டு. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, அரை நிமிடத்துக்கு ஒன்றாக முப்பது, நாற்பது படங்கள் எடுக்க வேண்டும். பிறகு அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், எல்லாப் படங்களிலும் அசையாமல் இருப்பது மட்டும் நிலைக்கும், நடமாடுகிறவர்கள் மறைந்துபோவார்கள். ஆனால் யாரும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. நின்றால் படத்தில் தங்கிவிடுவார்கள்.

அன்று ஒருவர் நின்றார். அறுபது வயதை ஒட்டிய தமிழர். நீலக் காற்சட்டையும், தொழிற்சாலைகளில் அணியும் கனத்த பூட்சும் போட்டிருந்தார். இறக்கைக்குக் கீழே, கயிற்றுத் தடுப்பை ஒட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விமானத்தின் வயிற்றுப் பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பம் குடும்பமாக வந்தார்கள், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். அவர் அசையவில்லை.

“அண்ணே, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா? படம் எடுக்கிறேன்.”

“அலமாக்! மன்னிச்சிக்கோங்கம்மா” என்று இரண்டடி தள்ளி நின்றார். அதுவும் என் சட்டகத்துக்குள்தான் இருந்தது. அவரும் என்னைப் போல நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர். வெளியே போங்கள் என்று சொல்ல முடியாது. எனவே நான் செய்வதை விளக்கினேன்.

“நிக்காம நடந்துகிட்டே இருங்கண்ணே. அது போதும். கம்ப்யூட்டர் உங்கள அழிச்சிடும்.”

“அழிச்சிடுமா? நல்ல மெஷினா இருக்கே! என் மாமியார் இருந்த காலத்துல இது இல்லாமப் போச்சே லா!”

நான் சிரித்துவிட்டேன்.

“நீங்க டீச்சரா?” என்றார்.

“ஆமா. எப்படித் தெரியும்?”

“நடன்னு சொன்னீங்க பாருங்க, அந்தத் தோரணைக்குக் கால் தானா நடக்குது.”

நடந்தார். இருபது நிமிடம் நடந்தார். இறக்கை நுனியிலிருந்து வால் வரைக்கும், வாலிலிருந்து மறுபடியும் இறக்கைக்கும். நடுவில் ஓரிடத்தில் கால்கள் தயங்கும். உடனே நினைவு வந்தவராக என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒருமுறை என்னைக் கடந்தபோது கேட்டார்: “டீச்சர், அந்த வயித்துப் பக்கம் எடுக்கலையா? இறக்கை வந்து உடம்போட சேருதே, அந்த வளைவு?”

நான் கேமராத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அது வெறும் தகடுதானேண்ணே. மூக்குப் பக்கம்தான் அழகு.”

“ஆமா. தகடுதான்” என்றார்.

அடுத்த சுற்றில், சற்றுத் தயங்கி, இன்னொன்றும் கேட்டார். “எல்லாம் முடிஞ்சதும், என்னைய இது பக்கத்துல நிக்க வச்சி ஒரு படம் புடிச்சிக் கொடுக்கிறீங்களா? என் போன் கேமரா செத்துப்போச்சு. மகளுக்கு அனுப்பணும்.”

“கண்டிப்பாண்ணே. முடிச்சிட்டு எடுக்கிறேன்.”

முடித்தேன். எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் சரிபார்த்தேன். சன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்ததால் வால் பகுதியையும் ஒரு சுற்று எடுத்தேன். தலை நிமிர்ந்தபோது அவர் இல்லை.

வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாதான் சொன்னார். “அந்த அண்ணன் ரொம்ப நேரம் இங்கதான் நின்னாரு டீச்சர். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாரு. கூப்பிடவான்னு கேட்டேன். வேணாம், அவங்க வேலையா இருக்காங்கன்னுட்டாரு.”

‘அடடா’ என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. பேருந்து நிறுத்தம் ஐந்து நிமிடத் தொலைவில் இருந்தது. என் கார் வாசலிலேயே நின்றது. நான் முக்காலியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

படம் நான் நினைத்ததைவிட அழகாக அமைந்தது. முடிந்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படங்களை அழித்துவிடுவது என் வழக்கம். எல்லாவற்றையும் சேர்த்துவைப்பவர்கள் மீது எனக்குச் சற்று இளக்காரமும் உண்டு. அன்றும் அழித்தேன்.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு, ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் கண்காட்சி நடந்தது. இரண்டாம் நாள் பிற்பகல், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என் படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். மிக அருகே குனிந்து, மூலை மூலையாகப் பார்த்தாள். நுணுக்கத்தை ரசிக்கிறாள் என்று எண்ணிப் பெருமையோடு அருகே போனேன்.

“என்னம்மா தேடுற?”

“எங்க அப்பாவ, ஆன்ட்டி.”

எனக்குப் புரியவில்லை. அவளே தொடர்ந்தாள். “அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஒரே கதை. ஒரு டீச்சர் படம் எடுத்தாங்க, நான் நடந்தேன், நடந்தேன், நடந்துகிட்டே இருந்தேன்னு. இந்தப் படத்தைப் பேஸ்புக்ல பாத்தேன். சின்னதா தெரிஞ்சிச்சு. பெருசா பாத்தா எங்கயாச்சும் ஓரத்துல இருப்பாருன்னு வந்தேன்.”

“அப்பா வரலையா?”

“தவறிட்டாரு ஆன்ட்டி. மூணு மாசம் ஆச்சு. ஹார்ட்.”

அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டபோதுதான் அவர் யாரென்று அறிந்தேன். ஜொகூர் பாருவை அடுத்த மாசாயில் ஒரு பட்டறையில், மோதி நசுங்கிய கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். விமானத்தைச் சீரமைத்தவர்களுக்கு, இறக்கை உடலோடு சேரும் வளைவுக்கான தகடு மட்டும் எங்கு செய்தும் சரியாக அமையவில்லை. யாரோ சொல்லி இவரைத் தேடி வந்திருக்கிறார்கள். பட்டறை வேலை முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் வைத்து, எட்டு மாதம் கையாலேயே தட்டியிருக்கிறார்.

“டொக்கு டொக்குன்னு ஒரே சத்தம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சண்டைக்கே வந்துட்டாங்க. ஏரோப்ளேன் செய்யறேன்னு அப்பா சொன்னாரு. அவங்க நேரா அம்மாகிட்ட போய், உங்க வீட்டுக்காரருக்குத் தலையில எதாச்சும் அடிபட்டிச்சான்னு கேட்டாங்க” என்று சொல்லி அவள் சிரித்தாள்.

அந்த எட்டு மாதத்தில் ஒரு படம் எடுத்து வைக்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. திறப்பு விழாவுக்கு அவரை அழைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. தன் தகடு பொருந்தி நிற்கும் முழு விமானத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது, நான் அவரை நகரச் சொன்ன அந்தக் காலையில்தான்.

நடந்ததை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். தகடுதானே என்று சொன்னதையும், படம் எடுத்துத் தருவதாகச் சொல்லி எடுக்காததையும், கணினியில் அவர் அழிந்ததையும் சொன்னேன்.

“எங்க அப்பா யாரு சொன்னாலும் கேக்காத மனுஷன் ஆன்ட்டி. டாக்டர் நடக்கச் சொல்லி நடக்கல, அம்மா கெஞ்சி நடக்கல. நீங்க சொன்னதுக்கா நடந்தாரு?” என்று சிரிக்கத் தொடங்கியவளுக்கு, முடிக்கும்போது கண் நிறைந்துவிட்டது.

கணினிக் கடையில் கொடுத்து அழித்த படங்களை மீட்க முயன்றேன். கேமராவின் நினைவட்டையில் அதற்குள் உறவுக்காரர் திருமணம் ஒன்றை எடுத்து முடித்திருந்தேன். இரண்டு வாரம் முயன்று ஐந்து படங்களைப் பாதி உயிரோடு மீட்டுக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றில் அவர் இருந்தார், முழங்காலுக்குக் கீழே மட்டும். நீலக் காற்சட்டை, பூட்ஸ், முன்னால் எடுத்து வைத்த வலது கால். அதற்கு மேல் சாம்பல் நிறப் பட்டைகள்.

மறுபடியும் அருங்காட்சியகத்துக்குப் போய், அனுமதி பெற்று, விமானத்தின் அடியில் தரையில் படுத்து அந்தத் தகட்டைப் படம் எடுத்தேன். இரு திசைகளில் ஒரே சமயத்தில் வளையும் தகடு அது. ஓர் ஓரத்திலும் மடிப்பு இல்லை. அலமாரி நிறைய நூல்கள் படித்தும், இப்படி ஒன்றை ஒரு மனிதர் கையால் செய்ய வேண்டியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

இரண்டு படங்களையும் சட்டமிட்டு மாசாய் வீட்டுக்குக் கொண்டு போனேன். முன்னறையில், அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டியிருந்தார்கள். பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தது. அவர் மனைவி தேநீர் கொடுத்து, “பசியாறிட்டுத்தான் போகணும் டீச்சர்” என்றார். ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

மகள் தகட்டின் படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லாருக்கு ஆன்ட்டி. ஆனா இது அங்கயே இருக்கு. எப்ப வேணும்னாலும் போய்ப் பாத்துக்கலாம். எனக்கு முகம்தான் வேணும். இதப் பாத்தப்ப அப்பா மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

சொன்னேன். தலையை இடப்பக்கம் சாய்த்திருந்ததை, ஒரு கண்ணை மட்டும் சுருக்கி வளைவின் ஓரத்தை அளப்பது போலப் பார்த்ததை, உதடுகள் ஒலியின்றி அசைந்ததை. நான் நகரச் சொல்வதற்கு முன் இருந்த அந்த முகத்தில், பிள்ளை பிறந்த மருத்துவமனையில் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் தகப்பனின் பணிவு இருந்தது. அவர் மனைவியும் அடுக்களை வாசலில் வந்து நின்று கேட்டார். மகள் கண்களை மூடிக்கொண்டாள். “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள்.

இப்போதும் தீபாவளிக்கும் அவருடைய நினைவு நாளுக்கும் அவள் என்னைத் தொலைபேசியில் அழைப்பாள். நலம் விசாரித்த பிறகு, சற்று அமைதியாக இருப்பாள். நான் புரிந்துகொண்டு சொல்லத் தொடங்குவேன். சென்ற முறை, அவர் புன்னகைத்தார் என்று சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகு, உண்மையிலேயே புன்னகைத்தாரா, அவளுக்காக நான் சேர்த்தேனா என்று எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. ஒரு விநாடி ஒதுக்கிப் படமாக எடுத்திருந்தால் அந்த முகம் மாறாமல் அவளிடம் இருந்திருக்கும். இப்போது அது என் நினைவை நம்பி இருக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக அவரை விட்டு விலகிக்கொண்டும் இருக்கிறது.